இரண்டுக்கும் ஒரே தண்டனையா?

கடல் ஒரு பக்கம், ஏரி மறுபக்கம் என்று இரண்டு தண்ணீருக்கும் நடுவில் நிமிர்ந்து நிற்கும் இந்தத் தோணிமேட்டுக் குப்பத்தின் தலைவரும், இந்த அவையின் தலைவரும், எனக்கு மாமன் முறையுமான பெருமதிப்பிற்குரிய ராஜவேலு அவர்களே! ஆரம்பாக்கத்தில் ஒரு கூட்டம், எளாவூரில் ஒரு கூட்டம் என்று பேசிப் பேசித் தொண்டை கட்டிய நிலையிலும் எங்கள் அழைப்பைத் தட்டாமல் வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே! முன்வரிசையில் வேட்டி மடிப்புக் கலையாமல் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியோர்களே! விடியலில் வலை உதறி, வெயிலில் மீன் விற்று, ஈரம் உலராத முந்தானையோடு ஓடி வந்து உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் படகு விளிம்பில்தான் உட்காருவோம் என்று அடம்பிடிக்கும் என் இளஞ்சிங்கங்களே! உங்கள் அனைவருக்கும் உங்கள் வீட்டுப் பெண், மீனவ மகளிர் சங்கத்து வேலம்மாவின் வணக்கம்.

இன்றைய கூட்டம் எதற்காக? புகையிலையை ஒழிப்பதற்காக. எனக்கு முன்னால் பேசிய தம்பி முழங்கினார், முரசு கொட்டினார், மேசையில் இருந்த சோடா பாட்டிலைக்கூடக் கீழே தள்ளிவிட்டார். அவர் முன்மொழிந்த தீர்மானம் என்ன? பீடி, சிகரெட், குட்கா, இப்போது புதிதாகப் புகுந்திருக்கும் மின்சிகரெட், இவை அத்தனையையும் ஒரே கட்டாகக் கட்டி, ஒரே சட்டத்தில் போட்டு, ஒரே தண்டனை கொடுக்க வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினரைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம். நீங்களும் கைதட்டினீர்கள். அதை வழிமொழிய வேலம்மாவை மேடைக்கு அழைக்கிறோம் என்றார்கள். வந்துவிட்டேன். ஆனால் அன்பர்களே, நான் வழிமொழிய வரவில்லை. திருத்தச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறேன்.

என்ன சலசலப்பு? எந்தக் கம்பெனிக்காரனிடம் கை நீட்டினாய் என்று பின்னாலிருந்து ஓர் அண்ணன் கேட்கிறார். அண்ணே, இந்தக் கையில் ஒட்டியிருப்பது மீன் செதில் மட்டும்தான். மேடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போங்கள். முப்பது வருடமாக இந்தக் கரையில் கள்ளச் சாராயத்தைத் திட்டியிருக்கிறேன், இறால் பண்ணைக் கழிவுநீரைத் திட்டியிருக்கிறேன், என் வீட்டுக்காரரை மைக்கிலேயே திட்டியிருக்கிறேன். எந்தப் புகைக்கும் நான் வக்காலத்து வாங்கியதில்லை. இன்றைக்கும் வாங்கப் போவதில்லை.

அந்த மின்சிகரெட் என்ன பொருள் என்று தெரியாத தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். பார்ப்பதற்குப் பேனா போல இருக்கும். உள்ளே ஒரு சின்ன பேட்டரி, கொஞ்சம் திரவம். வாயில் வைத்து இழுத்தால் அந்தத் திரவம் சூடாகி ஆவியாக வெளியே வரும். புகையிலையில் ஆளைப் பிடித்துக் கட்டிப்போடும் நிகோடின் என்ற சரக்கு அதிலும் பெரும்பாலும் உண்டு. நெருப்பு கிடையாது, சாம்பல் கிடையாது. நல்லதா? நல்லது என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகட்டும். பீடியும் அதுவும் ஒன்றா? ஒன்று என்று சொன்னதால்தான் இந்த ஊர் இரண்டு விதமாகக் கெட்டது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

வெளியூர்ப் பெருமக்களே, உங்களுக்காக முதலில் எங்கள் பாடு முறையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஏரியில் எந்தத் துறையில், எந்த நாளில், யார் வலை விடுவது என்பதை நாங்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறோம். அதற்குப் பெயர் பாடு. எந்த அரசாங்கமும் எழுதித் தந்ததில்லை, எந்தக் கோர்ட்டும் முத்திரை குத்தியதில்லை. ஆனாலும் பாடு தவறி ஒருவன் வலை விட்டான் என்று இந்தக் கரையில் பேச்சே கிடையாது. அப்படிப்பட்ட கட்டுக்கோப்பு இது. இங்கே ஒருவனுக்குப் பெரிய தண்டனை என்ன தெரியுமா? அவன் பாட்டை நிறுத்திவைப்பது. இறால் ஓடும் நேரத்தில் ஊரே தண்ணீரில் நிற்க, அவன் மட்டும் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சில வருடத்துக்கு முன் ஒரு கோடையில் எங்கள் வலைக்கொட்டகை எரிந்தது. நினைவிருக்கிறதா தாய்மார்களே? நைலான் வலை அத்தனையும் உருகி, கறுப்புக் கட்டியாகத் தரையோடு ஒட்டிப் போனது. யாரோ அணைக்காமல் வீசிய பீடித்துண்டு. எரிகிற வலையை வெறுங்கையால் இழுத்து வெளியே போட்டவர் நம் அவைத்தலைவர். அவர் உள்ளங்கையைப் பாருங்கள், இன்றைக்கும் விரல் முழுதாக மடங்காது. அந்தக் கையை மதித்துத்தான் ஊர் ஒரு கட்டுப்பாடு போட்டது. படகிலும் சரி, வலை விடும் பாட்டிலும் சரி, வலைக்குப் பக்கத்திலும் சரி, புகை பிடித்தால் பாடு நிற்கும். நல்ல கட்டுப்பாடா? நல்ல கட்டுப்பாடு. தேவையான கட்டுப்பாடா? தேவையான கட்டுப்பாடு. அன்றைக்கு அதற்குக் குலவை போட்டவர்களில் நானும் ஒருத்தி.

இப்போது என் தம்பிக்கு வருகிறேன்.

தருமனை உங்களுக்குத் தெரியும். தச்சன் காதில் பென்சில் வைத்திருப்பானே, அதுபோல அவன் காதில் எப்போதும் ஒரு பீடி இருக்கும். கட்டுப்பாடு வந்த பிறகு படகில் பிடிக்க மாட்டான், கரைக்கு வந்து கால் வைத்ததும் பற்றவைப்பான். நாற்பது வயதுக்குள் நெஞ்சு போய்விட்டது. மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் நடுவழியில் உட்கார்ந்துவிடுவான். பீடியை விடாவிட்டால் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். விட்டுப் பார்த்தான். கிராம்பு மென்றான், மிட்டாய் சப்பினான், அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தான். என் தம்பி பொண்டாட்டி சுதா பீடிக்கட்டைத் தூக்கி அடுப்பில் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. விட வேண்டும் என்று அவன் நினைக்காத நாளில்லை, பற்றவைக்காத நாளும் இல்லை.

அப்போதுதான் மீஞ்சூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் அவன் சிநேகிதன் ஜான்சன் அந்தப் பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தான். எங்கே வாங்கினாய் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவனும் சொல்லியிருக்க மாட்டான். விற்கக் கூடாது என்று மத்திய அரசு இரண்டாயிரத்துப் பத்தொன்பதிலேயே தடை போட்ட பொருள் அது. தெரியும் ஐயா, நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. மறைத்து விற்றதை மறைத்து வாங்கினான். அதற்குள் என்ன ஊற்றியிருக்கிறது என்று எழுதிய அட்டைகூட அதன் மேல் இல்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் அல்லவா? பொங்கல் கழிந்து அதைக் கையில் எடுத்தவன், ஆடி மாதம் வரைக்கும் ஒரு பீடியைக்கூடத் தொடவில்லை. இருமல் குறைந்தது. கூடையை இறக்காமல் வீடு வந்து சேர்ந்தான். சுதா என்னிடம் வந்து, உன் தம்பி தூக்கத்தில் மூச்சு விடுவது இப்போதுதான் எனக்கு இரைப்பு இல்லாமல் கேட்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ஆடியில் ஒருநாள் அவன் தன் பாட்டுத் துறையில் வலையோடு நின்றபடி அதை இழுத்திருக்கிறான். வெள்ளையாக ஆவி கிளம்பியிருக்கிறது. அக்கரைப் படகில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். புகை என்று ஊருக்கு வந்து சொன்னார்கள். அம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது.

பெரியோர்களே, அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நானும் சுதாவும் தேர் நிறுத்தும் கொட்டகைப் பக்கம் தள்ளி நின்றோம். தருமன் கையில் ஒரு சாண் நைலான் வலையைக் கிழித்துக் கொண்டுபோயிருந்தான். எதற்கு? அந்தப் பேனாவின் வாயில் வலையை வைத்து இழுத்துக் காட்டுவதற்கு. பொசுங்காது, உருகாது, பாருங்கள் என்று காட்டுவதற்கு. பாவம், பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளை போல அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். தலைவர் கேட்டார்:

"புகை வருதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"வருது மாமா. ஆனா இது..."

"வருதுல்ல. அப்போ உக்காரு."

அவ்வளவுதான். அந்த ஆனாவுக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று ஊர் கேட்கவில்லை. பீடிக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. இறால் ஓடும் நேரத்தின் பாடு நின்றது. தலைவர் கெட்ட எண்ணத்தில் செய்தாரா? இல்லை. வெந்த கை அது, புகையைக் கண்டால் பயப்படும். யார் மேலும் எனக்குக் கோபமில்லை என்று சொல்லலாம்தான், ஆனால் பொய்யாகிவிடும். அன்றைக்கு இருந்தது. இன்றைக்கு ஆறாத வருத்தம் மட்டும் இருக்கிறது.

அந்த வலைத்துண்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். வீட்டுக்கு வரும் வழியில் படகுத்துறையில் நின்று பேனாவைத் தூக்கி ஏரியில் எறிந்தான். நேராகப் பெட்டிக்கடைக்குப் போனான். நான் பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்தேன். அப்போது அவன் என்னிடம் சொன்ன வார்த்தையைத்தான் ஐயா, நீங்கள் சட்டமன்றத்துக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

"ரெண்டுக்கும் ஒரே தண்டனைன்னா, நான் இன்னாத்துக்குக்கா கஷ்டப்பட்டு மாறணும்? பழகின பீடியே இருந்துட்டுப் போவட்டும்."

கேட்டீர்களா? அவன் படித்தவன் இல்லை. கோபத்தில் சொன்ன பேச்சுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். குறைந்த கேட்டுக்கும் கூடின கேட்டுக்கும் ஒரே அடி என்றால், மனிதன் எதைப் பிடித்துக்கொள்வான்? பழகியதைப் பிடித்துக்கொள்வான். தருமன் பிடித்துக்கொண்டான். கரையில் உட்கார்ந்து, அடுத்தவர் பாட்டைப் பார்த்துக்கொண்டே பிடித்தான். முன்னைவிட அதிகமாகப் பிடித்தான். அடுத்த வாடைக்காற்று அடிக்கும்போது அவன் இல்லை.

பேனாவை விடாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நான் டாக்டர் இல்லை, டாக்டர்களே இதில் இன்னும் ஒரே பேச்சாக இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒருவன் பீடியிலிருந்து ஓர் அடி வெளியே வந்தான். அவனைத் திரும்ப உள்ளே தள்ளியது நாம்.

யாரது, பேட்டரி வெடிக்குமே என்று கேட்பது? படகு விளிம்புத் தம்பியா? வெடிக்கும் தம்பி, சில நேரம் வெடிக்கும். உண்மையான கேள்வி. உப்புத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும். பீடியில் பேட்டரி உண்டா? இல்லை. அப்படியானால் பீடிக்குப் போட்ட கட்டுப்பாட்டில் பேட்டரிக்கு எங்கே இடம்? அதனால்தான் சொல்கிறேன், தனியாகப் பாருங்கள், தனியாக யோசியுங்கள், தனியாகச் சட்டம் போடுங்கள். நீ எனக்கு எதிராகக் கேட்பதாக நினைத்தாய், என் பக்கம் பேசிவிட்டாய். உட்காரப்பா.

இதோடு முடிந்ததா? முடியவில்லையே தாய்மார்களே. ஒன்றாகக் கட்டியதால் வந்த இரண்டாவது கேட்டையும் சொல்ல வேண்டும்.

தருமனுக்கு ஒரே மகள், ஐஸ்வர்யா. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இந்த மேடையில் அவள் பேரைச் சொல்லலாமா என்று நேற்றே கேட்டேன். "சொல்லிக்கோங்க அத்த. ஆனா அழுதேன்னு சொல்லாதீங்க, நான் அழுவல" என்றாள். அவள் அழவில்லை. அழுதவள் நான். போன மாதம் அவள் புத்தகப் பையிலிருந்து மாம்பழ வாசனை வந்திருக்கிறது. மாம்பழக் காலமும் இல்லை. சுதா பையைக் கொட்டினால், நோட்டுக்கு நடுவில் கைக்கு அடக்கமாக, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பேனா. அப்பனைத் தின்ற பழக்கம் மகளைத் தேடி மாம்பழ வாசனையோடு வந்துவிட்டது.

சுதா அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்களிடம் ஓடினாள். பெரியவர்கள் என்ன சொல்ல முடியும்? கட்டுப்பாடு படகுக்குத்தான், பிள்ளை படகில் பிடிக்கவில்லையே என்றார்கள். பெண் பிள்ளை எங்கேயாவது பீடி பிடிக்குமா என்று நினைத்துப் போட்ட கட்டுப்பாடு அது. பீடிக் கண்ணால் பார்த்ததால், பேனா ஊர்ப் பையன்களுக்குப் போனதும் தெரியவில்லை, பெண்ணுக்குப் போனதும் தெரியவில்லை. நான் அவளை உட்காரவைத்து, உன் நைனா இருமியதைப் பார்த்த பிறகுமா இதைத் தொட்டாய் என்று கேட்டேன். அவள் சொன்னாள்:

"பீடின்னா நைனாவுக்கு வந்தது வரும்னு தெரியும் அத்த. அதுக்கு அட்டையில படம் போட்டுக்கீறாங்க. இதுல இன்னா கீதுனு யாரு சொன்னாங்க? நீங்க சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. எல்லாம் ஒரே புகை என்று சொல்லிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். இப்போது விட்டுவிட்டேன் என்கிறாள். நான் நம்புகிறேன். சுதா இன்னும் தினமும் பையை மோந்து பார்த்துத்தான் அனுப்புகிறாள்.

என் அருமைச் சொந்தங்களே, ஒரே கட்டுப்பாடுதான். அதே கட்டுப்பாடு வெளியே வரத் தவித்த தகப்பனைத் தடுத்தது, உள்ளே போகத் துணிந்த மகளைத் தடுக்கவில்லை. அடிக்கக் கூடாதவனை அடித்தது, அணைத்துக் காக்க வேண்டியவளைக் கண்டுகொள்ளவே இல்லை. வலைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டுமா? இறாலுக்கு ஒரு வலை, மடவைக்கு ஒரு வலை, நண்டுக்கு ஒரு வலை வைத்திருக்கும் ஊர் இது. மடவை வலையைக் கொண்டுபோய் இறாலுக்குப் போட்டுவிட்டு, ஏன் இறால் விழவில்லை என்று ஏரியைத் திட்டுவோமா? கண்ணியின் அளவு பார்த்து வலை முடிகிற நாம், கட்டுப்பாட்டுக்கு முடிச்சுப் போடும்போது மட்டும் அளவு பார்க்கவில்லையே!

ஆகவே சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, இந்தக் கரையின் சார்பாகக் கேட்கிறேன். புகையிலைக்கு உள்ள சட்டத்தை இறுக்குங்கள், இரும்பாக்குங்கள், நாங்கள் எல்லோரும் கூட நிற்கிறோம். ஆனால் மின்சிகரெட்டை அதோடு சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள். தடை ஒன்று இருக்கிறது, அந்தத் தடைக்குக் கீழேயே அது என் மருமகள் பை வரைக்கும் வந்துவிட்டது. போங்கள், அவையில் எழுந்து பேசுங்கள். டெல்லிக்குப் போகும் பெருமக்களிடமும் பேசச் சொல்லுங்கள். பிள்ளைகள் கைக்கு அது எந்த வழியிலும் போகக் கூடாது, மாம்பழமும் மிட்டாயும் என்று வாசனை காட்டி இழுக்கக் கூடாது, அப்படி விற்பவனுக்கு ஈவு இரக்கமே கூடாது. அதே சமயம், நெஞ்சு போய், பீடியை விட முடியாமல் தவிக்கும் தருமன்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வழி வேண்டும். வாயில் மெல்லும் பசையா, தோலில் ஒட்டும் பட்டையா, மாத்திரையா, இல்லை இந்தப் பேனாவேதானா என்று டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சோதித்து, எழுதி ஒட்டி, அவர் கையால் கொடுக்கட்டும். பள்ளிக்கூடத்தில் இதற்கென்று தனியாகப் பாடம் நடக்கட்டும். இது நான் சொல்கிறபடியேதான் இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவர்களை உட்காரவைத்துத் தனியாக யோசியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அது சென்னைப் பேச்சு, டெல்லிப் பேச்சு, நம்மால் என்ன ஆகும் என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. பெரியப்பா, பாட்டுக் கட்டுப்பாட்டை டெல்லியா போட்டது? நாம் போட்டது. அம்மன் கோயில் வாசலில் வெற்றிலை பாக்கு வைத்து நாமே போட்டது. நாம் போட்டதை நாமே பிரிக்காமல், இந்த ஐயாவைப் போய்ப் பிரியுங்கள் என்று கேட்டால் அவர் சிரிக்க மாட்டாரா?

மாமா, தலைவர் அவர்களே, கடைசியாக உங்கள் பக்கம் திரும்புகிறேன். உங்கள் வெந்த கைமேல் எனக்கு மரியாதை உண்டு. படகிலும் வலைப்பக்கமும் நெருப்பு கூடாது என்ற கட்டு அப்படியே இருக்கட்டும். மின்சிகரெட்டுக்கு என்று வேறொரு கட்டு வேண்டும். பிள்ளைகளை முதலில் வைத்து, தாய்மார்களையும் கூட்டத்தில் உட்காரவைத்து அதைப் பேச வேண்டும். தீர்மானத்தையும் அப்படியே இரண்டாகப் பிரித்து ஐயாவிடம் கொடுக்க வேண்டும். உங்களிடம் மன்னிப்பு கேட்டு நான் நிற்கவில்லை, உங்களை மன்னிப்பு கேட்கச் சொல்லியும் நிற்கவில்லை. போனவன் பாட்டை யாராலும் திருப்பித் தர முடியாது.

என்ன மாமா, எழுந்துவிட்டீர்கள்? மைக் வேண்டுமா? வேண்டாமா?

சற்று அமைதி, தயவுசெய்து அமைதி. தலைவர் மைக் இல்லாமல் பேசியதால் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. அவர் சொன்னதைச் சொன்னபடியே நான் திருப்பிச் சொல்கிறேன். "ரெண்டா பிரிச்சிடலாம்மா. பொம்பளைங்களும் வந்து உக்காரட்டும். அன்னிக்கு அந்தப் புள்ள கையில வலைத் துண்டு வச்சிக்கினு இருந்தான், நான் பாத்தேன். எதுக்குன்னு கேக்கல." இவ்வளவுதான் சொன்னார். கைதட்டாதீர்கள். இதற்குக் கைதட்ட வேண்டாம்.

இரண்டாகப் பிரித்து எழுதப்போகும் தீர்மானத்தை இப்போதே நான் மனமார வழிமொழிகிறேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த சட்டமன்ற உறுப்பினருக்கு நன்றி. குறுக்கே கேள்வி கேட்ட தம்பிகளுக்கு நன்றி. தன் பெயரைத் தந்த என் மருமகளுக்கு நன்றி. தாய்மார்களுக்கு என் வணக்கம். தலைவர் மாமாவுக்கும் இந்த ஊருக்கும் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். இன்றைக்கு என்னை நீங்கள் அந்த 'ஆனா'வுக்குப் பிறகும் பேச விட்டீர்கள்.

வருகிறேன், வணக்கம்.